நகரச் சோதனை என்றால் சோதனை எலி யார்?

நடைவாசி:
நகராட்சியும் குடியிருப்போரும் கல்லூரியும் சேர்ந்து ஒரு தெருவில் எதையாவது சில மாதம் செய்து பார்ப்பதெல்லாம் வெறும் ஷோ என்று நேற்று கணக்குப்பிள்ளை எழுதியிருந்தார். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமைப் பாருங்கள் சார். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் வந்து போகும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்தார்கள். தொடங்கும் முன் பலத்த எதிர்ப்பு. ஆனால் போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஏழு மாதம் முடிந்ததும் சொன்னபடி நிறுத்திவிட்டு, செப்டம்பரில் ஓட்டெடுப்பு. 'வேண்டும்' என்றவர்களே அதிகம். 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. செய்து காட்டாமல் கேட்டிருந்தால் தேறியிருக்குமா?

கணக்குப்பிள்ளை:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்கள். சுற்றியிருந்த நகராட்சிகள் சிலவும் அப்போது தனியாக ஓட்டெடுப்பு நடத்தின. அங்கே மொத்தத்தில் 'வேண்டாம்'தான் ஜெயித்தது. தினமும் உள்ளே வந்து கட்டணம் கட்டியவர்களில் அவர்களும் உண்டு. அந்த ஓட்டு முடிவை மாற்றவில்லை. யாரைக் கேட்பது என்று கோடு போடும்போதே பாதி முடிவு வந்துவிடுகிறது.

பூவரசு:
கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாச் சோதனையும் அவ்வளவு பெரிதல்லவே. இத்தாலியின் போலோனியாவில் ஒரு பூங்காவுக்குச் சில பெண்கள் பெஞ்ச் போட்டுத் தர விரும்பினார்கள். நகராட்சியோ அந்தத் துறையைக் கேளுங்கள், இந்தத் துறையைக் கேளுங்கள் என்று அலைய விட்டது. அனுமதி தர விதியே இல்லை! அப்புறம் 2014இல் மக்களும் நகராட்சியும் ஒப்பந்தம் போட்டுப் பொது இடங்களைச் சேர்ந்து பராமரிக்க ஒரு விதிமுறையே கொண்டுவந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
பெஞ்சுக்கு நான் எதிரியில்லை, உட்காரத்தானே போகிறேன். கூட்டம் என்றால்தான் பயம். ஒருமுறை இப்படி ஒரு ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனேன். மஞ்சள் சீட்டில் யோசனை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். மூன்று மணி நேரம். சுவர் முழுக்க மஞ்சள். வேலை நாள் காலையில் வைத்ததால் வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் வெளியே வரும்போது துப்புரவுப் பணியாளர் அந்தச் சீட்டுகளை உரித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம், வெற்றி பெற்றாலும் நிலைக்குமா? நகர பட்ஜெட் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களும் சேர்ந்து முடிவெடுப்பதற்கு உலகமே பாடம் படித்த இடம் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989இல் தொடங்கியது. 2017இல் அதையே நிறுத்தி வைத்தார்கள்.

நடைவாசி:
இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியதே சார், அது கணக்கில் வராதா? எதிர்ப்பு வந்தால் திருத்திக்கொள்ளவும் முடியும். 2016 செப்டம்பரில் பார்சிலோனாவின் பொப்லெநோ பகுதியில் சில தெருக்களில் கார்கள் ஊடே கடந்து போவதைத் தடுத்தார்கள். முதலில் வெறும் பெயின்ட், பழைய டயர், தொட்டிச் செடி. சுற்று வழியில் போக வேண்டியவர்கள் கொதித்தார்கள். பிறகுதான் மரம், விளையாடுமிடம் எல்லாம் வந்தன. கான்கிரீட் போட்டிருந்தால் திருத்த இடமே இருந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
டயரை எடுத்துவிடலாம், சரி. எடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கு? நிறுத்தும் தேதியும், எந்த எண் வந்தால் தோல்வி என்பதும் தொடங்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். அப்போது நானும் ஒரு தொட்டிச் செடி கொண்டுவருகிறேன்.

பூவரசு:
கூட்டத்தை மாலையில் வைப்பதையும் அந்தப் பலகையில் சேர்த்துவிடுங்கள்.