கபிட்டுவின் கண்ணீரை யார் பார்த்தார்கள்? ‘டோம் காஸ்முர்ரோ’ வாசித்தவர்களின் அனுபவப் பகிர்வு

மாலைவாசகி

பிரேசில் எழுத்தாளர் மஷாடோ டி அசிஸின் இந்த நாவலை இங்குள்ள பலரும் படித்திருப்பதால் கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. மனைவி கபிட்டுவுக்கும் நண்பன் எஸ்கோபாருக்கும் உறவு இருந்தது, மகன் எசெகியேல் எஸ்கோபாருக்குப் பிறந்தவன் என்று சந்தேகிக்கும் பென்டோ தன் கதையைத் தானே சொல்கிறான். எனக்கு இன்னும் உறுத்துவது எஸ்கோபாரின் இறுதிச் சடங்கு. கடலில் மூழ்கி இறந்தவனின் உடலைக் கபிட்டு உற்றுப் பார்க்கிறாள். சில துளிக் கண்ணீர் வருகிறது. அதை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்களை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அந்த நொடியில் கணவன் பென்டோவின் அழுகை நின்றுவிடுகிறது. ஆனாலும் அவன் சவப்பெட்டியைத் தாங்கிச் செல்கிறான், கல்லறையருகே இரங்கலுரை வாசிக்கிறான், மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்ட டிராய் அரசன் பிரியாமோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறான். இதைப் படித்த சில நாட்களில் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போக நேர்ந்தது. அங்கே இறந்தவரைப் பார்க்காமல், யார் எவ்வளவு நேரம் அழுகிறார்கள் என்று என் கண் முகம் முகமாக மேய்ந்துகொண்டிருந்தது.

பழைய கோப்பு

மேலே எழுதியவர் ‘உற்றுப் பார்க்கிறாள்’ என்று நேரில் கண்டதுபோல் எழுதுகிறார். கண்டதாகச் சொல்பவன் பென்டோ மட்டுமே. அதுவும் மனைவி, நண்பன், மகன் மூவரும் இறந்த பிறகு, மறுப்பதற்கு ஆளில்லாத காலத்தில் சொல்கிறான். அவன் தொழிலும் வழக்குரைஞர் தொழில்தான், என்னுடையதும் அதுவே. ஒருமுறை ஒரு கட்சிக்காரர் தம் மனைவியைப் பற்றிய சந்தேகங்களைத் தேதிவாரியாகத் தாளில் எழுதிக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வரியும் அடுத்த வரியோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் எனக்கு அவர் மீதே ஐயம் எழுந்தது. அன்றிரவு பென்டோவை மீண்டும் எடுத்துப் படித்தேன். எஸ்கோபார் இறப்பதற்கு முந்தைய இரவில் எஸ்கோபாரின் மனைவி சான்ஷாவின் கையை இவன் எப்படிப் பற்றினான், அவள் கண்களில் என்ன கண்டதாக நினைத்தான் என்பதை அவனே எழுதியிருக்கிறான். மறுநாள் சவத்தின் முன் நின்று மனைவியின் பார்வையை அளப்பவன் இவன்தான்.

அரைக்கோப்பை

எனக்கு உறுத்துவது அந்தக் காப்பிதான். பென்டோ தான் குடிப்பதற்காக நஞ்சு கலந்து வைத்த காப்பியை, ஓடிவந்த சிறுவன் எசெகியேலின் வாயருகே கொண்டுபோகிறான். பையன் வாயைத் திறக்கிறான். காப்பி ஆறிப் போயிருந்தது என்பதைக்கூடச் சொல்ல மறக்காதவன், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டு பையனின் தலையில் முத்தமிடுகிறான். ‘அப்பா’ என்று அழைத்தவனிடம், நான் உன் தகப்பன் இல்லை என்று கத்துகிறான். என் மகன் அப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதற்குமேல் அன்று படிக்க முடியவில்லை.

ஓரக்குறிப்பு

நான் இதைக் கல்லூரிக் காலத்தில் ஒரே மூச்சில் படித்தேன். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் மறுவாசிப்பு செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. சான்ஷாவின் தந்தை, இறந்துபோன தம் மனைவியின் படத்தைக் காட்டி, அது எந்த உறவும் இல்லாத கபிட்டுவைப் போலவே இருப்பதைச் சொல்லும் 83-ஆம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள்; முகச் சாயலை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கான சான்றை எழுத்தாளர் அங்கேயே வைத்துவிட்டார். அடுத்து, எசெகியேல் வீட்டுக்கு வருகிற எல்லோருடைய நடையையும் அசைவையும் நடித்துக் காட்டும் பழக்கமுள்ளவன் என்பதை நினைவில் வையுங்கள். சந்தேகத்தால் மனைவியைக் கொல்பவனைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் பார்க்கும் அத்தியாயத்தில், அந்த மனைவி டெஸ்டிமோனா குற்றமற்றவள் என்று தெரிந்த பின்னும் பென்டோ தன் சந்தேகத்தைக் கைவிடவில்லை. குற்றமற்றவளுக்கே இந்த முடிவென்றால் குற்றவாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் யோசிக்கிறான். கபிட்டுவை ஸ்விட்சர்லாந்தில் விட்டுவிட்டு வந்த பிறகு, அவளைப் பார்க்காமலேயே ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி, பார்த்து வந்தவன் போல ரியோவில் செய்தி சொல்கிறானே, அந்தப் பொய்யையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் கால்டுவெல் 1960-இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு கபிட்டு குற்றமற்றவள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வெளித்திண்ணை

மேலுள்ள ஆலோசனைகளை யாரும் கேட்கவில்லை. தவிர, அதே சான்றுகளைக் கொண்டு அவளைக் குற்றவாளி என்றும் எழுதலாம். நாவல் வெளிவந்து பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் அப்படித்தான் படித்தார்கள். எனக்கு வேறோர் இடம் உறுத்துகிறது. வளர்ந்து ஆளாகித் திரும்பி வந்த எசெகியேலின் தொல்லியல் பயணத்துக்குப் பணம் கொடுக்கும்போதே, அவனுக்குத் தொழுநோய் வரட்டும் என்று பென்டோ மனத்துக்குள் விரும்புகிறான். பதினோரு மாதங்கள் கழித்து அவன் ஜெருசலேம் அருகே காய்ச்சலில் இறந்து அடக்கமான செய்தி வருகிறது. அன்று தான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போனதாகப் பென்டோ எழுதுகிறான். இந்த ஒன்றில் அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கபிட்டு தவறே செய்திருந்தாலும் அந்த வரி அப்படியேதான் இருந்திருக்கும் என்பதால், அவளுக்கு விடுதலையா தண்டனையா என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.