எழினி: பெண் குழந்தைக்கு வைக்கலாமா? உச்சரிப்பு, ஸ்பெல்லிங் சந்தேகம்

காட்பாடி அம்மா
பாப்பா பிறந்து நாற்பது நாள். எழினி என்று வைக்க ஆசை. யாழினி, மகிழினி தெருவுக்குத் தெரு இருக்கு, எழினி இங்கே யாரும் வைத்துக் கேள்விப்படவில்லை. அது ஆம்பளை பேராச்சே என்கிறார் மாமனார். வீட்டுப் பெரியவங்க வாயில் ‘எயினி’ என்றுதான் வருது. இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

போளூர் தமிழ்
உங்க மாமனார் சொல்வது சரிதாங்க. புறநானூறு 230-இல் அரிசில்கிழார் பாடுவது அதியமான் எழினியை. 392-இல் ஔவையார் பாடுவது அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை. நம்ம பக்கத்துக்கும் இது அந்நியப் பேர் இல்லை. போளூர் அருகே திருமலை சமணக் கோயில் கல்வெட்டில், எழினி செய்துவைத்த யட்சன், யட்சி உருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்த செய்தி இருக்கிறது. 1989-இல் பிரியும் வரை திருமலையும் வட ஆற்காடு மாவட்டம்தானே.

எழினி என்றால் திரைச்சீலை என்றும் பொருள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மேடைக்கு மூன்று திரை வரும். (மேகத்தைக் குறிக்கும் ‘எழிலி’ வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்றைய காதுக்கு ‘இனி’ என முடிந்தாலே பெண் பேர்தான். தாராளமாக வையுங்க.

ஆற்காட்டு நாக்கு
நம்ம பேச்சில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ழ, ய ஆகிடும். பழம் ‘பயம்’, கோழி ‘கோயி’. அதே ழு-வுக்குப் பின் த்து வந்தால் ஸ்: இழுத்து ‘இஸ்து’. அதனால் ‘எயினி’ வருவது இயல்பு. ஆனால் அது எயினர் என்ற வேட்டுவர் குலப் பெண்ணைக் குறிக்கும் தனிச்சொல். குறமகள் இளவெயினி என்று சங்கப் புலவரே உண்டு. தெலுங்கு பேசும் சொந்தக்காரங்க வாயில் ‘எளினி’ ஆகும். சோழசிங்கபுரமே சோளிங்கர் ஆன பக்கம் இது.

ய சொல்லும்போது நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் கிடக்கும். அதைத் தூக்கிப் பின்னால் வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்தினால் ழ. ஒட்டினால் ள. சந்தேகமாக இருந்தால் நாக்கை அப்படியே வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்க. நாக்கின் நடுவில் சில்லென்றால் ழ, இரண்டு ஓரமும் சில்லென்றால் ள. முதலில் ‘ஏழு’ சொல்லிப் பழகி, ‘எழு’, ‘எழி’ என்று வந்து, கடைசியில் முழுப் பேர்.

தூரத்திலிருந்து கூப்பிடும்போது ‘னீ’ நீண்டு ‘ழி’ அமுங்கிடும், ‘எய்னீ’ என்றே கேட்கும். அங்கே ‘ழி’யை அழுத்திச் சொல்லணும். பிள்ளைகளுக்குக் கடைசியாக வரும் ஒலிகளில் ழ ஒன்று. நாலைந்து வயது வரை பாப்பாவே ‘எயினி’ என்றாலும் திருத்தித் திருத்தி அழவைக்காதீங்க.

சான்றிதழ் சரிபார்
ஸ்பெல்லிங் ஈ, இசட், எச், ஐ, என், ஐ. வெளிமாநிலத்தவர் ‘ஈஜினி’ என்பாங்க, ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். இசட்டுக்குப் பயந்து எல் போட்டுடாதீங்க, ‘எலினி’ ஆகும். ஒண்ணாம் வகுப்பிலேயே ‘எலி’ என்று ஒட்டிக்கொண்டால் பிள்ளைதான் பாவம்.

அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளில் பதிந்திருந்தால், பேரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம். ஒருமுறை ஏறிய பேரை வேறு பேராக மாற்றுவது பெரும்பாடு. அதனால் படிவத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் உங்க கையால் எழுதுங்க. ரெண்டு சுழி ‘னி’. சான்றிதழ் கைக்கு வந்ததும் ‘ழி’ ‘ளி’ ஆகியிருக்கா, ‘னி’ ‘ணி’ ஆகியிருக்கா என்று அங்கேயே நின்று பாருங்க. ஆதாரும் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் ஏறும்.

காட்பாடி அம்மா
ரொம்ப நன்றிங்க. செல்லமா ‘இனி’ன்னு கூப்பிடலாமா?

ஆற்காட்டு நாக்கு
அதில் ழ போயிடுமேம்மா. ‘எழி’ன்னு கூப்பிடுங்க, வீட்டில் எல்லார் நாக்கும் பழகும்.