தண்ணி கொதிச்சப்புறம் தெர்மாமீட்டர் ஏன் நின்னுடுது? அதுவும் 99லயே!

சத்துவாச்சாரி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ப்ளஸ் ஒன். ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட், தண்ணிய சூடு பண்ணி நிமிஷத்துக்கு ஒரு தடவ தெர்மாமீட்டர் பாத்து எழுதி கிராஃப் போடணும். எங்க வீட்டு கேஸ் அடுப்புலயே பண்ணான், நான்தான் செல்லுல டைம் பாத்து சொன்னேன். 32ல ஆரம்பிச்சு கடகடன்னு ஏறுச்சு, 99 வந்ததும் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் ஃபுல்லா வெச்சும் ஒரு கோடு கூட ஏறல. கேஸ் எரியுது, காசு போகுது, அந்த சூடெல்லாம் எங்கதான் போகுது? ட்யூஷன் சார கேட்டா "உள்ளுறை வெப்பம்"னு நோட்ல எழுதிக்க சொல்லிட்டாராம், அவ்ளோதான். உள்ள எங்க உறைஞ்சு உக்காந்திருக்குன்னு எனக்கு புரியற மாதிரி யாராவது சொல்லுங்க. இன்னொன்னு, 99ன்னு எழுதினதுக்கு அரை மார்க் கட், 100ன்னுதான் வரணுமாம். கண்ணால பாத்தத எழுதினது தப்பா?

ஆம்பூர்_மாஸ்டர்:
அக்கா, இத நாங்க தெனம் பாக்கறோம். பிரியாணிக்கு சீரக சம்பாவ வடிக்க அண்டாவுல தண்ணி வெப்போம், கொதி வந்துடுச்சுன்னா விறக கொஞ்சம் வெளிய இழுத்துடுவோம். புதுசா வேலைக்கு வர்ற பசங்க சீக்கிரம் வேகட்டும்னு இன்னும் ரெண்டு கட்டைய சொருகுவானுங்க. அரிசி ஒரு நிமிஷம் கூட முன்னாடி வேகாது, ஆவிதான் ஜாஸ்தி, தண்ணி வத்தி அடி புடிக்கும். ஏன்னு கேட்டா எனக்கு தெரியாது, கெமிஸ்ட்ரி சாருங்க வந்து சொல்லட்டும்.

காட்பாடி_ரிடையர்டு:
மாஸ்டர் பாதி பாடத்த நடத்திட்டார். அம்மா, சூடு வேற, டெம்பரேச்சர் வேற, குழப்பமே அங்கதான். டெம்பரேச்சர்ங்கறது தண்ணி மூலக்கூறுங்க எவ்ளோ வேகமா ஆடுதுங்கறதோட கணக்கு. 99 வரைக்கும் நீங்க குடுத்த சூடு அந்த ஆட்டத்த ஏத்துச்சு. அப்புறம் குடுத்ததெல்லாம் ஒன்ன ஒன்னு புடிச்சிகினு இருக்கற மூலக்கூறுங்கள பிச்சு ஆவியா அனுப்பறதுக்கே சரியாப் போயிடுது, வேகம் ஏறல, அதான் தெர்மாமீட்டர் அசையல. ஒரு கிராம் தண்ணி ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் போதும். அதே ஒரு கிராம் கொதிச்சு ஆவியா போக 2260 ஜூல் வேணும். ஒரு லிட்டர 30ல இருந்து கொதி வரைக்கும் கொண்டுவர ஆகற சூட்ட விட, அத மொத்தமா ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல ஆகும்.

ஆக உங்க சூடு பாத்திரத்துக்குள்ள ஒளிஞ்சிகினு இல்ல, ஆவியோட ஜன்னல் வழியா போயிடுச்சு. இட்லி குண்டான்ல பாருங்க, அந்த ஆவி மாவுல பட்டு திரும்ப தண்ணியா மாறும்போது வாங்கின சூட்ட அப்படியே குடுத்துடும், இட்லி வேகறதே அதனாலதான். ஆவி கைல பட்டா சுடுதண்ணிய விட மோசமா சுடறதும் அதான்.

99 விஷயத்துல பையன் பக்கம்தான் நான். வேலூர் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல இருக்கு. சுமாரா 300 மீட்டர் ஏறினா கொதிநிலை ஒரு டிகிரி குறையும், ஏலகிரி மேல போய் பாத்தா 97 கூட வராது. தெர்மாமீட்டரே ஒரு டிகிரி முன்னபின்ன காட்டும், அது தனி. பாத்தத எழுதினவனுக்கு மார்க் கட் பண்றது எந்த ஊர் நியாயம்?

வாணியம்பாடி_பாய்:
சார் ஒரு டவுட்டு. நம்ம டேனரில முடி எடுக்க தோல சுண்ணாம்புல ஊற வெப்போம். சின்ன வயசுல நீத்தாத சுண்ணாம்புல தண்ணி ஊத்தி பாத்திருக்கேன், அடுப்பும் இல்ல ஒன்னும் இல்ல, தளதளன்னு கொதிச்சு பொகை கெளம்பும், பக்கத்துல நின்னா மொகத்துல அடிக்கும். இதுவும் உள்ளுறை வெப்பமா? அந்த சூடு எங்கிருந்து வந்துச்சு?

காட்பாடி_ரிடையர்டு:
இல்ல பாய், இது வேற கத. தண்ணி ஆவியானா அதுவும் தண்ணிதான், ஆறினா பழையபடி ஆயிடும். சுண்ணாம்பு நீத்தும்போது பொருளே மாறிடுது, கால்சியம் ஆக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகுது. 56 கிராம் சுண்ணாம்புக்கு கிட்டத்தட்ட 65 கிலோஜூல் வெளிய வரும். வெப்ப உமிழ் வினைன்னு புக்ல போட்டிருப்பான்.

எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க பாருங்க, அது நல்ல கேள்வி. காளவாசல்ல இருந்து. சுண்ணாம்புக்கல்ல சுமாரா 900 டிகிரில சுடறாங்க, கரியமில வாயு போயிடுது, அதுக்கு 178 கிலோஜூல் உள்ள வாங்கிக்குது. தண்ணி ஊத்தும்போது அதுல 65 திரும்ப வந்துடுச்சு. மீதி 113? நீங்க சுவத்துக்கு அடிச்சீங்கன்னா காத்துல இருக்கற கரியமில வாயுவ கொஞ்சம் கொஞ்சமா புடிச்சு மறுபடி கல்லாவே மாறும், அப்போ அந்த 113ம் வந்துடும். நாள் கணக்குல வர்றதால சுவத்த தொட்டா ஒன்னும் தெரியாது. 65ம் 113ம் கூட்டிப் பாருங்க, ஒரு கிலோஜூல் தொலையல.

வாணியம்பாடி_பாய்:
அடேங்கப்பா! நாற்பது வருஷமா சுண்ணாம்புல கைய வெச்சிகினு இருக்கேன் சார், இத எவனும் சொல்லல.

சத்துவாச்சாரி_அம்மா:
சார் ரொம்ப நன்றி, இட்லி சொன்னதும்தான் புரிஞ்சுது. பையன் கிராஃப்க்கு கீழ வேலூரோட உயரத்த எழுதி நாளைக்கு எடுத்துட்டு போறான். இப்போ ஃப்ரீசர்ல இருந்து ஐஸ் எடுத்து கிண்ணத்துல போட்டு உக்காந்திருக்கான், இருவது நிமிஷமா கலக்கறான், 0லயே நிக்குதாம். கேஸ் செலவு இல்லாததால நான் ஒன்னும் சொல்லல.

காட்பாடி_ரிடையர்டு:
நல்லா கலக்க சொல்லுங்க. ஐஸ் முழுசா கரையற வரைக்கும் நிக்கும். ஒரு கிராம் கரைய 334 ஜூல், அதே சூட்டுல அந்த தண்ணிய 0ல இருந்து 80 டிகிரிக்கு ஏத்திடலாம்னு அவனையே கணக்கு போட விடுங்க, நீங்க விடைய சொல்லிடாதீங்க.