பத்திரச் செலவுக் கணக்கு உங்களுக்கு எங்க உதைச்சுது?

பாளைக்காரன்:
2023. பெருமாள்புரம் பக்கம் 5 சென்ட், பழைய ஓட்டு வீடு. மார்ச்ல அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அம்மா, "பங்குனியில கிரயம் வேண்டாம்ல, சித்திரை பொறக்கட்டும்"ன்னாவ. விட்டேன். ஏப்ரல் 1-ல வழிகாட்டி மதிப்ப (பதிவுக்குன்னு அரசு வச்சிருக்க விலை) 2017-ல குறைக்கறதுக்கு முந்தி இருந்த அளவுக்கே ஏத்திட்டாங்க.

சித்திரையில பத்திரம் எழுதுதவர் முன்ன போட்ட துண்டுச்சீட்ட எடுத்தார். சதுர அடிக்கு 670-ங்கறத அடிச்சுட்டு மேல 1000-ன்னு பென்சில்ல எழுதினார். 2178 சதுர அடி. மனைக்கு மட்டும் முத்திரையும் பதிவுமா 1,60,519-ல முடிய வேண்டியது 1,96,020 ஆயிட்டு. "பதிவுக் கட்டணம் 4-ல இருந்து 2 சதவீதமா குறைஞ்சிருக்குல்லா"ன்னு ஆறுதல் வேற. அம்மாட்ட இன்னும் சொல்லல.

முக்கூடல் மருமகள்:
2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சத்துக்குள்ள உள்ள சொத்த பொம்பளையாள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் கழிவு. அதுக்காகவே என் பேர்ல வாங்கினோம். 9,90,000-ன்னு பதிஞ்சாச்சு. பொறவு கெட்டடம் பாக்க வந்தவர், கோழி அடைக்கப் போட்ட தகரக் கொட்டகையையும் டேப் வச்சு அளந்தார். 10,08,000. கழிச்சதையும் சேத்துக் கெட்டினோம். அந்தக் கொட்டகைய மறுநாளே பிரிச்சுட்டேன், இப்ப என்ன பிரயோசனம்.

வள்ளியூர் அண்ணாச்சி:
பாளைக்காரரே, பங்குனி மேல பழி போடாதீரும் வே. பேசின விலைய விட்டுட்டு வழிகாட்டி மதிப்பத்தானே எழுதினீரு? ரெண்டுல எது கூடுதலோ அதுக்குத்தான் முத்திரை டூட்டி. நாளைக்கு நீரு விக்கும்போது வாங்குன விலை கம்மியா நிக்கும், லாபம் பெருசாத் தெரியும், இன்கம்டாக்ஸ்ல கெட்டுவீரு.

நான் பட்டது சின்னது. வழிகாட்டி மதிப்பு சர்வே நம்பருக்கு 400, தெருவுக்கு 750. நான் 400-ஐ வச்சுக் கணக்குப் போட்டுட்டுப் போனேன், அவங்க 750-ஐ எடுத்தாங்க. அதனால வாங்கப் போறவங்க பதிவுத்துறை சைட்ல ரெண்டையும் பாத்துக்கோங்க. முத்திரை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். வீட்டுக்கு லோன் கொடுக்கும்போது பேங்க்காரன் பெரும்பாலும் இதச் சேக்க மாட்டான், கையில வச்சிருக்கணும். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா விக்கிறவருக்குக் கொடுக்கதுல 1 சதவீதம் டிடிஎஸ் (அவர் கணக்குல வருமான வரி) பிடிச்சு நீங்கதான் கெட்டணும். மதிப்பு அநியாயமா இருந்தா முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவுல கலெக்டர் முடிவுக்கு அனுப்பச் சொல்லலாம், ஆனா பத்திரம் கைக்கு வர நாளாவும்.

களக்காட்டான்:
சித்தப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. வீட்ட எனக்கு செட்டில்மெண்ட் (காசு வாங்காம எழுதிக் கொடுக்கது) எழுதப் போனோம். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரை 1 சதவீதந்தானேன்னு கொஞ்சம் ரூவாதான் கொண்டுபோனேன். எழுத்தர் கண்ணாடிய ஏத்திவிட்டுக் கேட்டார், "பெத்த பிள்ளையா?" சித்தப்பா என்னையே பாத்தாரு. அண்ணன் மகன் அந்தக் கணக்குல வரமாட்டானாம், 7 சதவீதமாம். திரும்பி வரும்போது பஸ்ல சித்தப்பா ஒரு வார்த்தை பேசல.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, முழு விலைய எழுத நான் ரெடி. வித்தவரு விட்டாத்தானே!