மொட்டை மாடியில் கிளிகளுக்குப் பெரிய கூண்டு: வடசென்னைக் காற்றில் வைக்கலாமா, கூடாதா?

வண்ணை மாடிவீடு:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு, இரண்டு மாடி. காக்டெயில், சன் கான்யூர் என்ற இரண்டு வெளிநாட்டுக் கிளி வகைகளில் ஒவ்வொரு ஜோடி ஹாலில் மூன்றடிக் கூண்டுகளில் இருக்கின்றன. திறந்துவிட்டால் ஹாலுக்குள் பறக்கும். ஆனால் மின்விசிறி, அடுப்பு, வாசல் கதவு என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைக்கும் நடுவே 12 அடி நீளம், 5 அடி அகலம், 7 அடி உயரத்தில் அவியரி (பறவைகள் பறக்கும் அளவுக்குப் பெரிய கூண்டு) கட்டலாம் என்று இருக்கிறேன். ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்பு வலை), மேலே தகரம். மாமா வீட்டில் ஒரு பச்சைக்கிளி உண்டு, அதையும் இதிலேயே விடச் சொல்கிறார். வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணூர்க்காரன்:
வேண்டாம் தம்பி. பறவை பறக்கக் கூடாது என்று சொல்லவில்லை, நம்ம பக்கத்துக் காற்றை நினைத்துத்தான் சொல்கிறேன். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியாகப் புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அது வரம், விஷக்காற்று வந்தால் அதுவே எமன். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 1986 வரை கேனரிக் குருவியைக் கொண்டுபோனதே இதற்காகத்தான். ஆளுக்குத் தலை சுற்றுவதற்கு முன்பே குருவி விழுந்துவிடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது கண் எரிய எரிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த நேரத்தில் மாடிக்கு ஏறி 12 அடிக் கூண்டுக்குள் நான்கு பறவைகளை யார் பிடிப்பது? சரி, அப்படி ஒரு கசிவு தினமும் நடப்பதில்லை. போகி வருஷம் தவறாமல் வருகிறதே, டயர் கொளுத்துவதை யார் நிறுத்தினார்கள்? கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் புகை சீக்கிரம் அடங்குகிறதா? மணலி ஆலைகளின் காற்று நம் பக்கம் திரும்பும் நாளில் நாங்கள் ஜன்னலைச் சாத்துகிறோம். கூண்டுக்கு ஏது ஜன்னல்?

பெரம்பூர் பறவைக்காரர்:
அண்ணே, மூச்சுக் கணக்கு நீங்கள் சொல்வது சரி. ஹாலுக்குள் இருந்தால் தப்பிவிடும் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அது அளவுக்கு மேல் காய்ந்து வரும் புகையில் பக்கத்து அறைக் கிளி சில நிமிடங்களில் செத்துப்போகும். நமக்கு அந்த வாசனைகூடத் தெரியாது. கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எல்லாம் வீட்டுக்குள்தானே? மூடிய அறையில் அது எங்கே போகும்?

இன்னொன்று வெயில். பறவைக்கு வைட்டமின் டி3 உருவாக நேர் வெயிலின் புற ஊதாக்கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதை வடிகட்டிவிடும். சூரியகாந்தி விதையை மட்டும் தின்று ஹாலிலேயே கிடக்கும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முட்டை அடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் கணவாய் ஓடு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், வாங்கித் தொங்கவிடலாம். டி3 இல்லாமல் அந்தச் சுண்ணாம்பு உடம்பில் ஏறாது.

நம்ம ஏரியாவில் புறாக்கூண்டு இல்லாத தெரு எது? அவையும் இதே காற்றில்தானே இருக்கின்றன?

எண்ணூர்க்காரன்:
புறாவோடு ஒப்பிடாதீர்கள். காலையில் திறந்துவிட்டால் புறா எங்கே வேண்டுமானாலும் போகும், புகை வந்தால் விலகிப் பறக்கும். கிளியை அடைத்து வைத்திருக்கிறோம், அது எங்கே விலகும்? அதுபோக, அக்கம்பக்கத்துப் புறாக்கள் இந்தக் கூண்டின் மேல்தான் வந்து உட்காரும். எச்சம் வலை வழியாக உள்ளே விழும். வெள்ளைக்கழிச்சல் அப்படித்தான் வரும்.

ஒற்றியூர் வாசகி:
புறா எச்சம் பற்றி அண்ணன் சொன்னது முக்கியம். வலை மட்டும் போட்ட கூரை கூடவே கூடாது. ஆனால் அதற்காக முழுக்கத் தகரம் போட்டுவிடாதீர்கள் தம்பி. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது உச்சம்தான், ஆனால் சாதாரண மே மாத மதியத்திலேயே தகரத்துக்கு ஓரடி கீழே கையை நீட்டிப் பாருங்கள், தெரியும். காக்டெயில் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அது ஏற்கெனவே தாங்க முடியாத நிலை. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி கட்டினால் சூடு நன்றாகக் குறையும். கீற்றில் எலி கூடு கட்டும் என்பதால் வருஷா வருஷம் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இரண்டடிக்கு மட்டும் திறந்த வலை விடுங்கள், காலை வெயில் விழுகிற பக்கம். அந்த இடத்தில் கிளை, தட்டு எதுவும் வைக்காதீர்கள்.

இப்போது வலை. கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் ஜி.ஐ. வலை வேண்டாம். உப்புக்காற்றில் முதலில் சிவப்புத் துரு வராது, வெள்ளையாகப் பொடி பூக்கும். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி ஒட்டும். அது துத்தநாகம். கிளி மூக்கால் கவ்விக் கவ்வித்தான் வலையில் ஏறும், அந்தப் பொடி முழுக்க வயிற்றுக்குள் போகும். வாந்தி, பச்சைக் கழிச்சல், கால் தள்ளாட்டம் என்று வந்த பிறகு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஜி.ஐ. தவிர வழியே இல்லை என்றால் வினிகர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நாள் மழையிலும் வெயிலிலும் கிடக்கவிட்டு மாட்டுவார்கள். உள்நாட்டில் அது போதும். திருவொற்றியூரில் மறுபடி மறுபடி பூக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை விலை அதிகம்தான். அதற்குக் காசு இல்லையென்றால் கூண்டைச் சின்னதாக்குங்கள், வலையை மட்டமாக வாங்காதீர்கள்.

தண்டையார்பேட்டை பழைய ஆள்:
பச்சைக்கிளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. தாராளமாக விடுங்கள் சார். வீட்டுக்கு வீடு இருக்கிறது, கிளி ஜோசியக்காரர் கையில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

கொளத்தூர் கடைக்காரர்:
அண்ணா, கேட்பதில்லை என்பதால் சரியாகிவிடாது. பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது மூன்றுமே குற்றம். ஜோசியக்காரர் கையில் இருந்தாலும் அப்படித்தான். தெருவே பார்க்கும் மொட்டை மாடியில் கொண்டுவந்து விட்டால் நாளைக்கு வழக்கு வீட்டுக்காரர் மேல்தான் வரும். சட்டத்தை விடுங்கள், மரப்பொந்தில் இறகு முளைக்காத குஞ்சாக எடுத்து, ஒரு பைக்குள் பலவற்றைத் திணித்துக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே பாதி செத்துவிடும். மிச்சம்தான் வீடுகளுக்கு வருகிறது. நான் மீனும் வெளிநாட்டுப் பறவையும் விற்கிறவன். பச்சைக்கிளி கேட்டு வருகிறவரை இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மாமாவிடம் சொல்லுங்கள், வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. சும்மா திறந்துவிட்டாலும் கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும்.

சன் கான்யூருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். காக்டெயிலுக்கு இது கிடையாது.

தண்டையார்பேட்டை பழைய ஆள்:
ஒப்படைத்தால் அங்கே எப்படிப் பார்ப்பார்களோ என்றுதான் பலரும் கொடுக்காமல் இருக்கிறார்கள். பாசம் வைத்து வளர்த்தவர்களுக்கு அது சுலபம் இல்லை தம்பி.

கொளத்தூர் கடைக்காரர்:
பாசத்தைக் குறை சொல்லவில்லை அண்ணா. அந்தக் கிளியை இந்தக் கூண்டில் சேர்க்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. காக்டெயிலையும் கான்யூரையும்கூட ஒன்றாக விடக் கூடாது. காக்டெயில் சாது. கான்யூர் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

வண்ணை மாடிவீடு:
பச்சைக்கிளி வேண்டாம் என்று மாமாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். அப்போது 12 அடியைக் குறுக்கே தடுத்து ஆளுக்கு 6 அடி என்று பிரிக்கலாமா?

பெரம்பூர் பறவைக்காரர்:
6 அடியில் இறக்கையை நான்கு முறை அடிப்பதற்குள் சுவர் வந்துவிடும். பறவை நீளவாக்கில்தான் பறக்கும். உயரம் எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை, நீளம்தான் முக்கியம். முழு நீளத்தையும் இரண்டு ஜோடிக்கும் வேளை பிரித்துக் கொடுங்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மற்ற நேரமும் இரவும் படிக்கட்டு அறைக்குள் இருக்கட்டும். எண்ணூர் அண்ணன் பயப்படுகிற பாதி விஷயத்துக்கு இதுவே மருந்து. பூனை, பெருச்சாளி, இரவுப் பட்டாசு எதுவும் தொடாது. காக்டெயிலுக்கு இருட்டில் திடீரென்று பயம் வந்தால் கண்மண் தெரியாமல் அடித்துக்கொள்ளும், இறக்கை நுனியில் ரத்தம் வழியும். அதனால் அறைக்குள் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

வாசலுக்கு இரண்டு கதவு வையுங்கள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். வல்லூறு வரும், காக்கை வரும், வலையில் தொங்கும் கிளியின் விரலைக் கொத்தும். வெளியில் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வலை போட்டால் அலகு எட்டாது. உட்காருவதற்குக் கொய்யா, வேப்பங்கிளை, தடிமன் மாற்றி மாற்றி. அரளி மட்டும் எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது, விஷம்.

எண்ணூர்க்காரன்:
எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வி, தம்பியே பதில் சொல்லட்டும். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் யார்? பதினோரு மணிக்குப் புகை வந்தால் இரண்டு மாடி ஏறி அவற்றை அறைக்குள் விரட்டிக் கதவைச் சாத்துவது யார்?

வண்ணை மாடிவீடு:
அம்மா மட்டும்தான் அண்ணே. முட்டி வலி, மொட்டை மாடிக்கு ஏற மாட்டார்.

நீங்கள் கேட்டதும் வேறு ஒரு இடம் ஞாபகத்துக்கு வந்தது. முதல் மாடியில் பின்பக்கம் துணி துவைக்கும் திறந்த வெளி இருக்கிறது, 9 அடிக்கு 4 அடி. அங்கிருந்து ஸ்டோர் ரூமுக்கு ஒரு கதவு. அம்மா நாள் முழுக்க அந்தப் பக்கம்தான் இருப்பார்.

பெரம்பூர் பறவைக்காரர்:
12 அடியை விட்டு 9 அடிக்கு இறங்க எனக்கு மனசு வரவில்லை. மாடியில் நாலா பக்கமும் காற்று, காலை வெயில். பின்பக்கச் சந்தில் வெயில் விழுமா? ஸ்டோர் ரூம் கதவுக்குப் பதிலாக, மாடியிலேயே கீழிருந்து இழுத்துச் சாத்துகிற மாதிரி கயிறு வைத்த கதவு செய்யலாமே.

ஒற்றியூர் வாசகி:
கயிறை இழுத்தால் கதவு சாத்தும், பறவை உள்ளே போக வேண்டுமே தம்பி. ஆள் குரல் கேட்டால்தான் அது வரும். 9 அடி காக்டெயிலுக்குத் தாராளம். காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். எனக்கு அந்த இடத்தில் கவலை வேறு: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தப் பக்கம் இருக்கிறது?

வண்ணை மாடிவீடு:
பக்கவாட்டுச் சந்தில் அக்கா, பின்பக்கம் இல்லை. வெயில் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை விழும். ஸ்டோர் ரூமை காலி செய்து, ஒரு தட்டியால் இரண்டாகத் தடுத்து இரவுக் கூண்டாக்கிவிடலாம்.

எண்ணூர்க்காரன்:
காக்டெயிலுக்கு என்றால் இனி நான் தடுக்க மாட்டேன், அம்மா கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கான்யூரில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. அது கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். வண்ணாரப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், பின்வீட்டில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர் இருந்தால் என்ன செய்வீர்கள்? சண்டை வந்தால் கடைசியில் பறவைகளைத்தான் எங்காவது தள்ளிவிடுவார்கள்.

பெரம்பூர் பறவைக்காரர்:
அதற்காகக் கான்யூரை ஆயுசுக்கும் மூன்றடியில் வைப்பதா அண்ணே? அது இருபது வருஷத்துக்கு மேல் வாழும். நாலு மணியிலிருந்து பொழுது சாயும் வரை அதன் முறை என்று வையுங்கள், அப்போது தெருவே சத்தமாகத்தான் இருக்கும். காலை வெயில் காக்டெயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிவிடுங்கள், கான்யூருக்கும் வெயில் கிடைக்கட்டும்.

எண்ணூர்க்காரன்:
பின்வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் கான்யூர் வெளியே வரக் கூடாது. போகிக்கு முதல் நாள் சாயங்காலமே எல்லாம் உள்ளே, கதவிடுக்கில் ஈரத்துணி.

வண்ணை மாடிவீடு:
நாளைக்கே கேட்கிறேன் அண்ணே. வலைக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

வியாசர்பாடி வெல்டர்:
சார், அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகாதீர்கள், எலிக்குஞ்சு நுழையும். எஸ்.எஸ். என்று கேட்டால் சில இடத்தில் 202 கிரேடு கொடுப்பார்கள். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கடற்காற்றில் 202 சீக்கிரம் துரு பிடிக்கும். 304 போதும், முடிந்தால் 316, கிரேடை பில்லில் எழுதி வாங்குங்கள். கூண்டுச் சட்டத்தை எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப்பில் செய்து எஸ்.எஸ். வலையை நேராக வெல்டு வைத்தால் அந்த ஒட்டில்தான் முதலில் அரிக்கும். சட்டமும் எஸ்.எஸ்., இல்லையென்றால் அலுமினியச் சட்டத்தில் நடுவே ரப்பர் வைத்து வலையை இறுக்குங்கள். தரையில் ஓட்டை போட வேண்டாம், கீழே அம்மா படுக்கை அறை இருந்தால் மழைக்கு ஒழுகும். இரண்டு பக்கச் சுவரிலும் ஆங்கர் போல்ட் அடித்தால் போதும், முதல் மாடியில் வார்தா மாதிரி புயல் வந்தாலும் அசையாது. வலை தரையைத் தொடும் இடத்தில் அரையடிக்குச் செங்கல் கட்டிப் பூசுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ ஒரு மூலைக்கு வாட்டம் வையுங்கள்.