25,000 கோழிக்கு மேல் எருக்கொட்டகை கட்டாயம்: நியாயமா, சுமையா?

காட்டுக்கிணறு (திங்கள், காலை 6:50)

ராசிபுரத்துக்குத் தெக்கால எங்க ஊரு. போன கிராம சபையில இந்த ஒரே விஷயத்துக்கு ரெண்டு மணி நேரம் போயும் முடிவுக்கு வரலை. அதான் இங்க எழுதறேன்.

என் கிணத்துக்கு மேக்கால, மேட்டுப் பக்கம், ஒரு லேயர் (முட்டைக்கோழி) பண்ணை. 30,000 கோழி. கூண்டுக்கு அடியில குமியற எருவை வருசத்துக்கு ரெண்டு தடவை வாரி, வேலியோரமா வெட்டவெளியில கொட்டறாங்க. லாரி வர்ற வரைக்கும் அங்கயே கிடக்கும். போன ஐப்பசியில அப்படிக் கொட்டின மூணாம் நாள் ராத்திரி மழை பிடிச்சுது. விடிஞ்சு போய்ப் பார்த்தா, குவியலோட அடியிலிருந்து வரக்காப்பி நிறத்துல தண்ணி கசிஞ்சு, என் வரப்பை ஒட்டின வாய்க்கால்ல நுரையோட ஓடிட்டிருக்கு. அடுத்த வாரம் ஈ. துணிக்கொடியில கயிறே தெரியலை. பேத்தியைக் கொசுவலைக்குள்ள உக்கார வச்சுத்தான் சோறு ஊட்டினேன். தை மாசம் கிணத்துத் தண்ணியைச் சோதனைக்குக் குடுத்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 78 மில்லிகிராம். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயத்துல இருக்கற எல்லை 45.

தெரியாதவங்களுக்குச் சட்டத்தையும் சொல்லிடறேன். முன்னாடி 1 லட்சம் கோழிக்குக் கீழ இருந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பக்கமே போக வேண்டியதில்லை. 2020-ல பசுமைத் தீர்ப்பாயம் இது சரியில்லைன்னு சொன்ன பிறகு, மத்திய வாரியம் 2021 ஆகஸ்டுல வழிகாட்டுதலைத் திருத்துச்சு. 2022 ஜனவரி 1-லிருந்து 25,000 கோழிக்கு மேல இருக்கற பண்ணை எல்லாம் வாரியத்துக்கிட்ட இசைவாணை, அதாவது அனுமதி, வாங்கணும். எரு வைக்கற இடத்துக்குத் தண்ணி இறங்காத தரை வேணும், மேல மூடாக்கு வேணும், மழைத்தண்ணி எருவோட கலக்கக் கூடாது. புதுப் பண்ணைன்னா குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கணும்.

கிராம சபையில பாதிப் பேர் இது பண்ணைக்காரங்க வயித்துல அடிக்கற சட்டம்னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. எதிர்க்கறவங்க காரணத்தோட சொல்லுங்க, கேக்கறேன்.

புதுச்சத்திரம் லேயர் (திங்கள், காலை 9:15)

அக்கா வணக்கமுங்க. உங்க கிணத்துக்கு நடந்தது தப்பு. ஐப்பசியில எருவை வெளிய இழுத்துப் போட்டது அந்தப் பண்ணைக்காரர் செஞ்ச முட்டாள்தனம். அதுக்காக எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

நானும் 30,000 கோழி வச்சிருக்கேன். எங்கப்பா 1994-ல ஷெட் போட்டப்ப சுத்தி ஒரு வீடு கிடையாது, மானாவாரிக் காடு. அப்புறம் சைட் போட்டாங்க, வீடு வந்துது. இன்னைக்கு அந்த வீட்டுக்காரர் வந்து 500 மீட்டர் கணக்குக் கேக்கறார். பழைய பண்ணைக்கு அந்த அளவு இல்லைன்னு அவருக்கு யார் எடுத்துச் சொல்றது? நாங்க எங்க போறது?

எருக்கொட்டகைக்குக் கொத்தனார் குடுத்த எஸ்டிமேட் 11 லட்சம். முட்டை விலை எங்க கையில இல்லை, மக்காச்சோளம் சோயா விலையும் இல்லை. விலை இறங்கற மாசம் ஒவ்வொரு முட்டைக்கும் கைக்காசு போட்டு விக்கறோம். அந்த நேரத்துல கோழி கூட நிக்காத ஒரு கட்டடத்துக்கு 11 லட்சம்.

எரு எங்களுக்குக் கழிவு இல்லீங்க, சரக்கு. கூண்டு உசரத்துல இருக்கு, அடியில காத்து ஓடுது, எரு கூம்பு கூம்பா நின்னு தானாக் காயுது. கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் ஒழுகாமப் பார்த்துக்கிட்டா ஈயும் வராது, வாடையும் வராது. தினம் காலையில நானே லைன் லைனாக் குனிஞ்சு பார்க்கறேன். எங்க ஒழுகுதோ அந்த இடத்துல மட்டும் எரு சேறாகி, கிளறினா வெள்ளை வெள்ளையாப் புழு நெளியும். அதை அன்னைக்கே அள்ளிச் சுண்ணாம்பு போட்டா முடிஞ்சுது. கூண்டுக்கு அடியே எனக்குக் கொட்டகைதான். இன்னொண்ணு எதுக்கு?

இன்னொரு விஷயம். 25,000-க்கு மேலன்னா 24,000 வச்சிருக்கறவர் எரு மணக்குதா?

சின்னப் பண்ணை (திங்கள், காலை 9:40)

லேயர் அண்ணா சொல்றது சரி. நான் 8,000 கோழிதான் வச்சிருக்கேன். 1 லட்சம் 25,000 ஆச்சு. நாளைக்கு 5,000-ன்னு வந்தா என்னை மாதிரி ஆளுங்க கூண்டை எடைக்குப் போட வேண்டியதுதான். பெரிய கம்பெனிங்கதான் மிஞ்சும்.

கட்டிடத் தம்பி (திங்கள், மதியம் 1:20)

நான் சிவில். பண்ணை வேலை நிறைய எடுத்திருக்கேன். லேயர் அண்ணா, உங்க எஸ்டிமேட்ல அளவு 60-க்கு 40 அடி போட்டிருப்பாங்கன்னு நினைக்கறேன். அந்த அளவு உங்களுக்குத் தேவையான்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லேயர் கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். 30,000 கோழிக்கு 3 டன். அதுல முக்கால் பங்கு தண்ணி, திடப்பொருள் 750 கிலோதான். நல்லாக் காய்ஞ்சு ஈரம் 30 சதவீதத்துக்கு இறங்கினா மொத்த எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். அதாவது எருவைக் காய வச்சாலே கொட்டகை மூணுல ஒரு பங்கு போதும். நனைய விட்டா அதே எரு திரும்ப ஊதிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசம் சமாளிக்கணும். 100 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கன மீட்டருக்கு 600 கிலோன்னு வச்சா 165 கன மீட்டர் சுமாரா. சராசரி 4 அடி உயரம் அடுக்கினா 1,500 சதுர அடி. 50-க்கு 30 போதும். 11 லட்சம் 7 லட்சத்துக்கு வந்துடும்.

கூண்டுக்கு அடியே கொட்டகைதானேன்னு கேட்டீங்க. கூரை இருக்கு, ஒத்துக்கறேன். தரை? பெரும்பாலான பழைய ஷெட்ல அடியில வெறும் மண்ணுதான். நிப்பிள் ஒழுகற இடத்துல அந்த ஈரம் எங்க போகுதுன்னு யாரும் பார்த்ததில்லை. நம்ம நாமக்கல் பக்கம் மேல கொஞ்சம் மண்ணு, கீழ வெடிப்புப் பாறை. வெடிப்புல இறங்கின தண்ணி வடிகட்டாம அப்படியே கிணத்துக்குப் போகும்.

மஞ்சக்காடு (திங்கள், மாலை 6:05)

நான் ஈரோட்டுப் பக்கம், மஞ்சள் வைக்கறவன். வருசா வருசம் நாமக்கல்லிலிருந்து கோழி எரு இறக்கறேன். வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி கோழி எருவுல தழைச்சத்து (நைட்ரஜன்) 3 சதவீதம், மணிச்சத்து இரண்டரைக்கு மேல. மாட்டு எருவுல தழைச்சத்து அரை சதவீதம்தான். மாடு குறைஞ்சு போன காலத்துல எங்க மண்ணு பிழைச்சுக் கிடக்கறதே இதனாலதான். கொட்டகை கட்டச் சொன்னா அந்தச் செலவை லோடு விலையில ஏத்துவாங்க. கடைசியில குடுக்கறது நாங்க. சட்டம் போடறவங்க இதை யோசிச்ச மாதிரி தெரியலை.

காட்டுக்கிணறு (திங்கள், இரவு 8:30)

மஞ்சக்காடு தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. லாரி வந்து இறக்கினதும் எருவை அன்னைக்கே இறைச்சு உழுதுடறீங்களா?

ஏன்னா என் அண்ணன் காடு பவானிப் பக்கம் இருக்கு. வாய்க்கால் மேட்டுல கோழி எரு இருபது நாள், முப்பது நாள் மூடாம கிடக்கறதை நானே பார்த்திருக்கேன். பண்ணை கேட்டைத் தாண்டினதும் அந்த எருவுக்குப் பொறுப்பு யாருன்னே தெரியறதில்லை. என் பக்கத்துப் பண்ணைக்காரர்கிட்ட நான் கேக்கறதை உங்ககிட்டயும் கேக்கத்தானே வேணும்?

விலை ஏறும்னு சொன்னீங்க. அந்த வரக்காப்பித் தண்ணியில ஓடினது நீங்க காசு குடுத்து வாங்கற தழைச்சத்துதான் தம்பி. மழையில நனைஞ்ச எருவை அதே விலைக்கு வாங்கறீங்க.

மஞ்சக்காடு (திங்கள், இரவு 9:10)

கோவம் இல்லீங்கக்கா. நீங்க சொன்னது நடக்கறதுதான். போன வருசம் டிராக்டர் கிடைக்காம 18 நாள் என் எருவும் வரப்புல கிடந்துது. மழை இல்லை, தப்பிச்சேன். தார்ப்பாய் போட்டு மூடணும்னு தோணலை. கிழங்கு நடற நேரத்துல ஆளு, மாடு, டிராக்டர்னு ஓடறப்ப எரு கண்ணுக்கே தெரியாது. விலை ஏறக் கூடாதுங்கறதுல நான் மாறலை. ஆனா இனி மூடாம வைக்க மாட்டேன்.

வடமராட்சியான் (செவ்வாய், காலை 5:30)

நான் பருத்தித்துறையில பிறந்தனான். இருபது வருசமா கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில ஒரு பால்பண்ணையில வேலை. இந்த விவாதத்தைப் பாத்திட்டுச் சும்மா போக மனம் வரேல்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் இங்க வோக்கர்ட்டன் எண்ட சின்ன ஊரில கடும் மழை. ஊருக்குத் தண்ணி குடுக்கிற ஐந்தாம் இலக்கக் கிணறு ஆழமில்லாதது. பக்கத்துப் பண்ணையில போட்ட மாட்டெருவில இருந்த ஈ.கோலைக் கிருமி மழையோட அதுக்குள்ள இறங்கிட்டுது. குளோரின் அளவையும் ஒழுங்காப் பாக்கேல்லை. ஏறக்குறைய 5,000 சனம் உள்ள ஊரில 2,300 பேருக்கு வருத்தம் வந்தது, 7 பேர் செத்துப்போச்சினம். நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் விசாரணை செய்தவர். 2002இல ஊட்டச்சத்து மேலாண்மைச் சட்டம் வந்தது. இப்ப இங்க எருத் தொட்டியைப் புதுசாக் கட்டுறது எண்டால் 240 நாள் எருவைக் கொள்ளுற அளவு வேணும்.

அந்த 240 நாள் எங்கயிருந்து வந்தது எண்டு விளங்கினால் உங்களுக்கும் உதவும். இங்க பனிகாலத்தில நிலம் உறைஞ்சிடும், எருவைப் போட ஏலாது. போட்டால் பனி உருகேக்க எல்லாம் ஆத்துக்குப் போயிடும். அதால காலநிலையை வைச்சுத்தான் அளவு வைச்சவை. கட்டிடத் தம்பி உங்கட மாரி மழையை வைச்சு மூண்டு மாதம் எண்டு கணக்குப் போட்டதும் அதே நியாயம்தான். கோழியின்ர எண்ணிக்கையை விட அதுதான் முக்கியம்.

எங்கட யாழ்ப்பாணத்தில சுண்ணாம்புக்கல் நிலம். மேல போடுற உரமும் எருவும் மலக்குழித் தண்ணியும் நேரா நிலத்தடி நீருக்குப் போகுது. கனக்கக் கிணறுகளில நைத்திரேற்று எல்லையைத் தாண்டி நிக்குது. எங்கட அம்மா ஒரு காலத்தில துலா போட்டு இறைச்சுக் குடிச்ச கிணத்துத் தண்ணியை இப்ப குழந்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கப் பயப்பிடுகினம். ஒருக்காப் போனால் அந்தத் தண்ணி திரும்பி வர எத்தினையோ வருசம்.

புதுச்சத்திரம் லேயர் (செவ்வாய், காலை 8:00)

வடமராட்சி அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு அந்த விசாரணையைப் பத்தித் தேடினேன். அந்தப் பண்ணைக்காரர் மேல தப்பு இல்லைன்னு நீதிபதியே சொல்லியிருக்கார். முறைப்படிதான் எருப் போட்டிருக்கார். கிணறு வச்ச இடமும் கண்காணிப்பும்தான் தப்பு. அப்ப எப்பவும் பண்ணைக்காரனையே பிடிக்கறது ஏன்?

வடமராட்சியான் (செவ்வாய், காலை 8:25)

நீங்க வாசிச்சது சரி தம்பி. அவரில பிழை இல்லை. முறைப்படி செய்த ஒருத்தரின்ர எருவே ஏழு உயிர் போறதுக்குக் காரணமானபடியாத்தான் முறையையே மாத்தவேண்டி வந்தது. ஆளைத் தண்டிக்கிறதுக்கு எண்டு அந்தச் சட்டம் வரேல்லை.

காட்டுக்கிணறு (செவ்வாய், காலை 10:10)

லேயர் தம்பி, நான் யாரையும் ஜெயில்ல வைக்கச் சொல்லலை. உங்க 500 மீட்டர் விஷயத்துல நான் உங்க பக்கம். முன்னாடி வந்த பண்ணையைப் பின்னாடி வந்த வீடு விரட்டறது நியாயமில்லை. 24,000 கோழியோட எருவும் நாறும்கறதும் உண்மை. ஆனா அதுக்கு மருந்து, 30,000-க்கும் விலக்குக் குடுக்கறதா?

நீங்க தினமும் குனிஞ்சு நிப்பிள் பார்க்கறீங்க. சந்தோசம். உங்க கிணத்துத் தண்ணியை எப்பவாவது சோதிச்சீங்களா? கேலியாக் கேக்கலை. உங்க வீட்டுக் குழந்தைகளும் அதைத்தானே குடிக்குது.

புதுச்சத்திரம் லேயர் (செவ்வாய், இரவு 9:45)

இல்லீங்கக்கா. கோழிக்குப் போற போர் தண்ணியில கிருமி இருக்கான்னு டெஸ்ட் எடுத்திருக்கேன். நைட்ரேட் பார்த்ததில்லை. வீட்டுக் கிணத்தைப் பார்த்ததே இல்லை. நாளைக்குக் குடுக்கறேன். ரெண்டையும் குடுக்கறேன்.

சின்னப் பண்ணை தம்பி பயப்படறது நியாயமான பயம், அதை விட்டுடாதீங்க. 7 லட்சம் எனக்கே பாரம். 8,000 கோழிக்காரருக்குத் தார்ப்பாயும் சிமென்ட் தரையும் போதும்னு சட்டமே தனியாச் சொல்லணும். 2020-ல மத்திய அரசு கொண்டுவந்த கால்நடை உள்கட்டமைப்பு நிதியில 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கு, கழிவைப் பயன்படுத்தற திட்டத்துக்கும் உண்டுன்னு சொல்றாங்க. வங்கியில கேட்டுட்டு வந்து இங்க எழுதறேன். அளவு பார்க்கத் தெரியாத அதிகாரி வந்து நிக்கறதுக்கு முன்னாடி, நாமளே மூணு மாசக் கணக்கை எழுதி மாவட்ட அலுவலகத்துல குடுக்கணும்னு சங்கத்துல பேசப் போறேன்.

கட்டிடத் தம்பி, 50-க்கு 30 சரி. எந்தப் பக்கம் திறப்பு வைக்கறது?

கட்டிடத் தம்பி (செவ்வாய், இரவு 10:20)

வடக்கும் கிழக்கும் முழுசா அடைச்சுடுங்க அண்ணா. ஐப்பசிச் சாரல் அங்கிருந்துதான் அடிக்கும். திறப்பு தெக்க, லாரி பின்னாடி வர்ற அகலம். தரை திறப்பைப் பார்த்துச் சாய வேண்டாம், உள்பக்கமாச் சாயட்டும். கசிவு வந்தா ஒரு சின்னத் தொட்டியில நிக்கற மாதிரி வைங்க. கூரைத்தண்ணிக்குத் தனி வாய்க்கால், எருப் பக்கமே வரக் கூடாது. தரையை ஒரே நாள்ல ஊத்துங்க, ஜாயின்ட் விட்டா அங்கதான் முதல்ல கசியும்.

காட்டுக்கிணறு (புதன், காலை 6:30)

தம்பி, இதைக் காகிதத்துல படமா வரைஞ்சு போட முடியுமா? எங்க பண்ணைக்காரர் இணையமெல்லாம் பார்க்க மாட்டார். ஞாயித்துக்கிழமை நேர்ல கொண்டுபோய்க் காட்டறேன், சோதனைச் சீட்டையும் சேர்த்து. அவர் பிடிகுடுக்கலைன்னா திங்கக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல மனு. ஐப்பசிக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு.