களிமண் தரை, மழைத்தண்ணி தேங்குது, செயற்கைப் புல் போடலாமா?

சிலேத்தார்வாசி: வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம், ஒரே களிமண், ஒரு மழை பெஞ்சா மறுநாள் வரைக்கும் தண்ணி நிக்குது. காண்ட்ராக்டர் மேல மணலக் கொட்டி சமம் பண்ணிட்டு புல்ல விரிச்சிடலாம்ங்கிறாரு. சரியா வருமா?

மண்வெட்டி: வேணாம்ணே. தண்ணி மணல்ல இறங்கி களிமண்ணு மேல தொட்டி மாதிரி நின்னுடும், புல்லுல ஓட்டை இருந்தும் பிரயோஜனம் இல்ல. மேல்மண்ண 10 செ.மீ. போல எடுத்துட்டு களிமண்ணையே வீட்டுச் சுவர்லேர்ந்து லோங்காங் (மழைநீர் வாய்க்கால்) பக்கம் சரிவா வெட்டச் சொல்லுங்க, மீட்டருக்கு 1-2 செ.மீ. இறக்கம் போதும். தாழ்வான ஓரத்துல குழி எடுத்து ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணிய விட்டு மண்ண தடுக்கிற துணி) விரிச்சு, ஓட்டை போட்ட 100 மி.மீ. பைப்ப வச்சு, சுத்தி கழுவின ஜல்லி. அப்புறம்தான் உடைகல்லு, இறுக்குறது, புல்லு எல்லாம்.

ஈசூன்காரி: பைப்ப மழைநீர் வடிகால்லதான் விடணும், கழிவுநீர்க் குழாய்ல சேர்க்கக் கூடாது. தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசு வேற, என்இஏ (சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியம்) அபராதம் போட்டுடும்.

சிலேத்தார்வாசி: நன்றிங்க. நாய் இருக்கு, நாத்தம் அடிக்குமா?

மண்வெட்டி: தண்ணி நல்லா வடிஞ்சா கம்மிதான், அப்பப்ப ஹோஸ் போட்டு அலசுங்க. மத்தியான வெயில்ல புல்லு கொதிக்கும், அதையும் பாத்துக்குங்க.